ஆறு சென்டிமீட்டர் வாசல்

பெருங்குடலில் புற்றுநோய் கண்டால் அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, மிச்சமிருக்கும் இரண்டு முனைகளையும் இணைப்பதுதான் முக்கிய வைத்தியம். முன்பெல்லாம் இதற்காக வயிற்றை மேலிருந்து கீழ்வரை திறப்பார்கள். இப்போது நாலைந்து துளைகள் போதும். ஒவ்வொன்றும் ஐந்து முதல் பன்னிரண்டு மில்லிமீட்டர். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் நீண்ட கத்தரி, இடுக்கி. சர்ஜன் நோயாளியைப் பார்க்காமல் டி.வி. திரையைப் பார்த்தபடி வேலை செய்வார். 'சாவித் துவார ஆபரேஷன்' என்று நாமும் ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

இந்தப் பெருமையில் ஒரு சின்னப் பொய் கலந்திருக்கிறது. பித்தப்பை என்றால் சுருக்கி ஒரு துளை வழியாகவே இழுத்துவிடலாம். ஒரு சாண் நீளக் குடலை, உள்ளே கட்டியும் சுற்றிலும் கொழுப்புமாக, பேனா நுழையும் துளை வழியாக எப்படி வெளியே கொண்டுவருவது? முடியாது. ஆகவே கடைசிக் கட்டத்தில் தொப்புளுக்கருகிலோ அடிவயிற்றிலோ நாலு முதல் ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வெட்டு. குடல் அந்த வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆபரேஷன் நேர்த்தியாக நடந்து, நோயாளி பத்து நாள் கழித்து சீழ் வைத்த வயிற்றோடு திரும்பி வந்தால், பெரும்பாலும் சிக்கல் இந்த வாசலில்தான் இருக்கும்.

காரணம் எளிது. பெருங்குடலில் இருக்கும் கழிவின் ஒரு கிராமில் ஏறக்குறைய பத்தாயிரம் கோடி பாக்டீரியா உண்டு. குடலுக்குள் அவை நம் விருந்தாளிகள். வெட்டுக்காயத்தின் கொழுப்பில் ஒட்டிக்கொண்டால் எதிரிகள். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. அங்கே விழுந்த கிருமியை விரட்ட உடம்பு சிரமப்படும். அதோடு வெளியே வருவது புற்றுக் கட்டி என்றால் இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. அதன் செல்கள் காயத்தின் ஓரத்தில் உதிர்ந்து முளைத்துவிட்டால்?

இந்தப் பயம் 1990-களில் சர்ஜன்களை நிஜமாகவே உலுக்கியது. இந்தியாவில் முதல் லாப்ராஸ்கோபிப் பித்தப்பை ஆபரேஷனை டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா 1990-ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் செய்தார். ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்காவில் குடலுக்கும் இந்த முறையை நீட்டினார்கள். சில ஆண்டுகளில் துளை போட்ட இடங்களிலேயே புற்று மறுபடி முளைத்ததாக மருத்துவ இதழ்களில் செய்திகள் வர ஆரம்பித்தன. பலர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். 872 நோயாளிகளைச் சேர்த்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2004-ல் வெளியான பிறகுதான் மூச்சு விட்டார்கள். வயிற்றைத் திறந்தாலும் துளையிட்டாலும் காயத்தில் புற்று திரும்புவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று அது சொன்னது. முறை பிழைத்தது. ஆனால் அந்தப் பயத்திலிருந்து ஒரு நல்ல பழக்கம் தங்கிவிட்டது. குடல் வெளியேறும் வாசலின் சுவர்களைப் பாதுகாக்க வேண்டும் என்கிற பழக்கம்.

அதற்கான கருவி பார்க்க மிகச் சாதாரணம். வளையக்கூடிய இரண்டு வளையங்கள். அவற்றுக்கிடையே மெல்லிய பிளாஸ்டிக் உறை, அடி இல்லாத பை மாதிரி. ஒரு வளையத்தை மடக்கி வெட்டு வழியாக வயிற்றுக்குள் விடுவார்கள். அது உள்ளே போய் விரிந்துகொள்ளும். வெளி வளையத்தை, சட்டைக் கையை மடிப்பது போலச் சுருட்டச் சுருட்ட, உறை இறுகி வெட்டின் ஓரங்களை நாலாபுறமும் ஒரே சீராக விலக்கும். தோல், கொழுப்பு, தசை எல்லாம் பிளாஸ்டிக்குக்குப் பின்னால். குடல் பிளாஸ்டிக்கை மட்டும் தொட்டுக்கொண்டு வெளியே வரும். காயம் அழுக்காவதில்லை. கொக்கி போட்டு இழுத்துப் பிடிக்க ஒரு உதவியாளர் வேண்டியதில்லை. சின்ன வெட்டே பெரிய வாசலாகிறது.

கம்பெனித் தயாரிப்பு ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாய். ஒரு தடவை உபயோகித்தால் குப்பைத் தொட்டி. சென்னை, மும்பை தனியார் மருத்துவமனைகளில் இது பில்லில் ஒரு வரி. அந்தமானில் இது ஒரு கேள்வி.

அந்தமான் நிகோபார் வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தலைநகரான போர்ட் பிளேரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. பெயர் மாறினாலும் சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் என்கிற தூரம் மாறவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர், முப்பது சொச்சம் தீவுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழ் பேசுகிறவர்கள். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பங்களும் இதில் அடக்கம். பெரிய ஆபரேஷன் என்றால் இந்த எல்லோருக்குமான கடைசிப் புகலிடம் ஸ்ரீ விஜயபுரத்தின் ஜி.பி. பந்த் மருத்துவமனை. 2015-ல் தொடங்கிய அந்தமான் நிகோபார் மருத்துவக் கல்லூரிக்கும் அதுவே போதனைக் கூடம். கிரேட் நிகோபாரின் காம்ப்பெல் பேயில் இருப்பவருக்கு அந்தத் தலைநகரே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வானிலை ஒத்துழைத்தால் ஹெலிகாப்டர், இல்லையென்றால் கப்பல்.

இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு கணக்குகள் தலைகீழாகின்றன. ஒன்று, பொருள். மருத்துவமனைக்கு வேண்டிய சாமான் அநேகமாக எல்லாமே கடல் தாண்டித்தான் வர வேண்டும். பஞ்சும் நூலும் கையுறையும் எப்போதும் கையிருப்பில் இருக்கும். மாதத்துக்கு இரண்டோ மூன்றோ செலவாகும் ஒரு விலையுயர்ந்த வளையத்தை யார் இண்டெண்ட் போட்டு, யார் டெண்டர் விட்டு, யார் காலாவதி தேதி பார்த்து வைத்திருப்பது? இரண்டு, காயம். மதுரைக்காரருக்குத் தையலில் சீழ் வைத்தால் டவுன் பஸ்ஸில் ஏறிப் போய்க் கட்டு மாற்றிக்கொள்ளலாம். காம்ப்பெல் பேக்காரருக்குச் சீழ் வைத்தால், அவரும் கூட வந்தவரும் இன்னும் மூன்று வாரம் தலைநகரிலேயே தங்க வேண்டும். கூலி போகும், படகு சும்மா கிடக்கும், பிள்ளைகளை அண்டை வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும். கருவி கிடைப்பது எங்கே கடினமோ, அங்கேதான் அது இல்லாததன் விலையும் அதிகம்.

வளையம் இல்லை என்றால் சர்ஜன் சும்மா இருப்பதில்லை. தியேட்டரில் இருப்பதைக் கொண்டு ஒன்றைச் செய்துகொள்கிறார். இந்தியாவிலும் பிற நாடுகளிலும் சர்ஜன்கள் இதற்கான வழிமுறைகளை மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். அநேகமாக எல்லாமே இரண்டு மூன்று பொருள்களைச் சுற்றியே வருகின்றன. முதலாவது, சாதாரண ஆபரேஷன் கையுறை. விரல்கள் இருக்கும் பகுதியை வெட்டி எறிந்தால் மிஞ்சுவது ஒரு ரப்பர் குழல். மணிக்கட்டுப் பக்கம் அதற்கு ஏற்கெனவே ஒரு தடித்த விளிம்பு உண்டு. இரண்டாவது, டிரிப் ஏற்றும் குழாய், அல்லது உறிஞ்சு குழாய். அதில் ஒரு துண்டை வட்டமாக வளைத்து, ஒரு முனையை மற்றதோடு செருகி, நூலால் இறுகக் கட்டினால் வளையம் தயார். கையுறைக் குழலை அந்த வளையத்தில் மாட்டி உள்ளே விட்டு, மறு ஓரத்தை வெளியே இழுத்து விரித்தால், கம்பெனிக் கருவியின் ஏழைத் தம்பி பிறந்துவிடுகிறான். கையுறைக்குப் பதில், கேமராவின் கம்பியை மூட வருகிற நீண்ட பிளாஸ்டிக் உறையை வெட்டி உபயோகிப்பவர்களும் உண்டு.

இதே கையுறையின் விரல்களை வெட்டாமல் விட்டால் வேறொரு உபயோகம். வெளி வளையத்தின் மேல் கையுறையை மாட்டி, விரல் நுனிகள் வழியாகக் கருவிகளை நுழைத்தால், தொப்புளில் ஒரே வெட்டோடு ஆபரேஷனை முடிக்கும் விலையுயர்ந்த சாதனத்துக்கு அது மாற்று. வெட்டிப்போட்ட ஒரு விரலின் வாயில் நூல் கட்டினால், குடல்வாலை வெளியே கொண்டுவரும் பை. ஐந்து விரலில் ஒன்றும் வீணில்லை.

இதைப் படித்ததும் வாசகர்களில் பாதிப் பேருக்கு நம்மவர் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையும், மீதிப் பேருக்கு 'ஏழை வயிறு என்றால் டிரிப் குழாயா?' என்று கோபமும் வரக்கூடும். இரண்டும் நியாயமே. இரண்டையும் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, முதலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கலாம். இந்தக் காயக்காப்பு உண்மையில் பலன் தருகிறதா?

கம்பெனித் தயாரிப்புக்கே பதில் அவ்வளவு நேரடியாக இல்லை. பிரிட்டனில் 21 மருத்துவமனைகளில் 760 பேரிடம், வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன்களில் இதைச் சோதித்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. காப்பு போட்டவர்களில் 24.7 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 25.4 சதவீதம் பேருக்கும் காயத்தில் தொற்று. அதாவது வித்தியாசமே இல்லை. ஆனால் அங்கே உபயோகித்தது உள்ளே மட்டும் வளையம் கொண்ட ஒற்றை வளையக் கருவி. வெளிப்புறம் அது தளர்வாகவே கிடக்கும். இரட்டை வளையக் கருவியின் கதை வேறு. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கணக்குகளில் அது தேறுகிறது. 2024-ல் வெளியான தென்கொரிய ஆய்வில், அதுவும் திறந்த ஆபரேஷன்களில், தொற்றை அது ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது.

இதில் கைத்தயாரிப்பாளருக்கு ஒரு பாடம் இருக்கிறது. நன்மை செய்வது பிளாஸ்டிக் மட்டுமல்ல, இறுக்கமும்தான். காயத்தின் ஓரத்தோடு ஒட்டி நிற்காத உறை, ஜன்னலில் தொங்கும் திரை போல. மழை அதன் பக்கவாட்டில் உள்ளே வரும். கையுறையை வெறுமனே உள்ளே விட்டுத் துணி இடுக்கியால் ஓரத்தைப் பிடித்துவிட்டு, 'நாங்களும் காப்பு போட்டோம்' என்று குறிப்பு எழுதுவதில் அர்த்தமில்லை. வெளியேயும் ஒரு வளையம் வேண்டும். அதைச் சுருட்டி இறுக்கவும் வேண்டும். இன்னொன்று: மேலே சொன்ன பெரிய சோதனைகளெல்லாம் கம்பெனிச் சரக்குக்கு நடந்தவை. கைத்தயாரிப்பு பற்றிய கட்டுரைகளில் பொதுவாகச் சில நோயாளிகள் அல்லது சில பத்து நோயாளிகளின் அனுபவமே இருக்கும். 'எங்களிடம் யாருக்கும் கெடுதல் வரவில்லை' என்பது நல்ல செய்தி. நிரூபணம் அல்ல.

மட்டமான பொருள் என்பதற்காகவே ஒன்றை ஒதுக்க வேண்டியதில்லை என்பதற்கும் உலகம் சாட்சி சொல்கிறது. 1984-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஆஸ்வால்டோ பொர்ராயஸ் என்ற இளம் டாக்டர், மூட முடியாமல் திறந்து கிடந்த வயிற்றின் மேல் சலைன் பையைப் பிரித்து வைத்துத் தைத்தார். 'பொகோட்டா பை' என்ற பெயரில் அது இன்று உலகெங்கும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் தொண்டாய்ச்சா என்ற சின்ன ஊரில் டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், குடலிறக்கத்துக்குப் போடும் வலைக்குப் பதில் கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கி உபயோகித்தார். பல மருத்துவமனைகளைச் சேர்த்துக்கொண்டு, 2003-ல் முடிவுகளைப் பிரசுரித்தார். சிரித்தவர்கள் உண்டு. 2016-ல் உகாண்டாவில் 302 ஆண்களிடம் நடந்த முறையான சோதனையில், ஏறக்குறைய ஒரு டாலர் வலையும் 125 டாலர் வலையும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. சிரிப்பு நின்றது.

ஆனால் எதிர்ப்பக்கமும் ஒரு சாட்சி உண்டு. பிரசவத்துக்குப் பின் நிற்காத ரத்தப்போக்குக்கு, ஆணுறையை ரப்பர் குழாயில் கட்டிக் கருப்பைக்குள் வைத்து நீர் நிரப்பி அழுத்தும் முறையை வங்கதேசத்தின் டாக்டர் சயீபா அக்தர் கண்டுபிடித்தார். பல ஏழை நாடுகளில் அது பரவியது. நல்லதையே செய்யும் என்று எல்லோரும் நம்பினார்கள். உகாண்டா, எகிப்து, செனகல் ஆகிய நாடுகளின் 18 மருத்துவமனைகளில் அதை முறையாக அறிமுகம் செய்து பார்த்தபோது, மேல் ஆபரேஷன்களும் மரணங்களும் சேர்ந்த கணக்கு குறையவில்லை, கூடியது. 2019-ல் முடிவு வெளியானது. ஏன் என்பதில் இன்னமும் வாதம் உண்டு. கருவியின் குறையா, அதை நம்பி மற்ற சிகிச்சையைத் தாமதித்ததா என்று. நமக்கு இதில் கிடைக்கும் செய்தி ஒன்றே. கொசுவலையும் ஆணுறையும் ஆரம்பத்தில் ஒரே மாதிரி நம்பிக்கை தந்தவை. எது எது என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஆகவே கையுறை வளையத்துக்குச் சில நிபந்தனைகள் வேண்டும். முதலில், பொருள். தியேட்டரிலேயே கிருமி நீக்கிய பொட்டலத்திலிருந்து பிரிக்கும் கையுறை, டிரிப் குழாய், கேமரா உறை என்பதில் பெரிய வசதி, மறுபடி கிருமி நீக்க வேண்டியதில்லை. கடைவீதிப் பிளாஸ்டிக் பையும் வளையலும் அப்படியல்ல. ஆட்டோகிளேவின் 121 டிகிரிச் சூட்டில் பல பிளாஸ்டிக்குகள் நெளிந்துவிடும். நெளியாதது எதையெல்லாம் கசியவிடும் என்பதும் தெரியாது. இரண்டாவது, பவுடர். மாட்டுவதற்கு எளிதாகக் கையுறையில் தடவும் ஸ்டார்ச் மாவு வயிற்றுக்குள் விழுந்தால் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் காரணமாகலாம். இந்த அபாயங்களைக் காட்டியே அமெரிக்கா 2017 ஜனவரியிலிருந்து பவுடர் கையுறைகளைத் தடை செய்தது. எனவே பவுடர் இல்லாத கையுறை வேண்டும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவருக்கு அதுவும் கூடாது. மூன்றாவது, எண்ணிக்கை. பஞ்சையும் ஊசியையும் எண்ணுவது போல, உள்ளே போன வளையம் முழுசாக வெளியே வந்ததா, கையுறை கிழிந்து துண்டு தங்கியதா என்று நர்ஸ் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனி வளையம் கழன்று போகாது. கட்டிய வளையம் கழலலாம்.

நான்காவது நிபந்தனைதான் நம் நாட்டில் அதிகம் மறக்கப்படுவது. கணக்கு. முப்பது நாள் வரை ஒவ்வொரு நோயாளியின் காயமும் என்ன ஆயிற்று என்று எழுதி வைத்தால், ஐந்தாறு வருஷத்தில் ஒரு தீவு மருத்துவமனையே உலகத்துக்கு உபயோகமான ஒரு விஷயத்தைச் சொல்ல முடியும். வீட்டுக்குப் போன நோயாளியைத் தேடிக் கப்பலேற வேண்டாம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் அந்தமானுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எத்தனையோ சினிமாக்களை இறக்கிக்கொள்ளும் அந்தக் கம்பி வழியே, தையலின் போட்டோ ஒன்று வரக்கூடாதா?

இனி கோபக்காரர்களின் கேள்விக்கு வருவோம். அரசாங்கம் வாங்கிக் கொடுக்க வேண்டியதை டாக்டர் ஏன் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்? 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்ச ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆனால் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் மொத்தமாக ஒரு தொகைதான். படுக்கை, மருந்து, ஆபரேஷன் சாமான் எல்லாம் அதற்குள். சில ஆயிரம் ரூபாய் வளையத்தைப் போட்டால் மருத்துவமனைக்கு அந்த அளவு மிச்சம் குறையும். போடாமல் சீழ் வைத்தால் நோயாளிக்குக் கூலி குறையும். முதல் இழப்பு பேரேட்டில் பதிவாகிறது. இரண்டாவது எங்கும் பதிவாவதில்லை. பதிவாகாத செலவை எந்த அரசாங்கமும் குறைத்ததாகச் சரித்திரம் இல்லை.

அதோடு, காயத்தைக் காக்கும் எல்லாமே வாங்க வேண்டியவையும் அல்ல. இந்தியா உட்பட ஏழு நாடுகளின் 81 மருத்துவமனைகளில் 13,301 பேரிடம் நடந்த ஒரு ஆய்வு 2022-ல் வெளியானது. அதில் செய்தது மிகச் சாதாரணமான காரியம். வயிற்றை மூடுவதற்கு முன் எல்லோரும் கையுறையை மாற்றிக்கொண்டு, தையலுக்குப் புதிய கருவிகளை எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். காயத் தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாக இறங்கியது. இதற்கு டெண்டர் வேண்டாம். கப்பலும் வேண்டாம். ஸ்டோர் ரூமில் இருக்கும் இன்னும் சில ஜோடிக் கையுறைகளும், 'நேரமாகிறது' என்று முணுமுணுக்காத ஒரு குழுவும் போதும். வளையம் கட்டத் தெரிந்த இடத்தில் இதைச் செய்யாமல் விடுவது, கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பதுதான்.

கடைசியாக, நோயாளி. குடல் ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்கும் தாளில் நூறு ஆபத்துகள் அச்சடித்திருக்கும். இன்ன கருவியைக் கம்பெனி செய்தது, இன்னதை நாங்களே செய்தோம் என்ற வரி இருக்காது. இருந்தால் என்ன குறைந்துவிடும்? 'இந்த வளையத்தின் விலை இவ்வளவு, எங்களிடம் இல்லை, கையுறையில் இப்படிச் செய்து போடுகிறோம், இத்தனை பேருக்குப் போட்டோம், இத்தனை பேருக்குச் சீழ் வைத்தது' என்று தமிழிலோ வங்காளியிலோ நிகோபாரியிலோ எடுத்துச் சொன்னால், புரியாத ஜனங்கள் அல்ல அவர்கள். ஓட்டைப் படகை இருந்த பலகையால் அடைத்துக் கரை சேர்ந்தவர்களுக்குக் கைவேலையின் மதிப்பும் தெரியும். எந்த அடைப்பை நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்பதும் தெரியும்.

சீழ் வைத்த காயங்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு அரசு மருத்துவமனையும் மாதா மாதம் வெளியே ஒட்டட்டும். அப்போது கையுறை வளையம் போதுமா, கம்பெனி வளையம் வாங்க வேண்டுமா என்று இந்தப் பத்தியில் வாதாட வேண்டியிருக்காது.